கடிக்கிற மெஷின்

அவருக்கு ஃபியூஸ் என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. கோபம் வந்தால் பொசுக்கென்று எரிந்து அடுத்த நிமிஷமே அணைந்துவிடுவார் என்பதால் வந்த பெயர். அவரோ, தன் முப்பது வருஷ எலெக்ட்ரீஷியன் வேலைக்கு ஊர் கொடுத்த பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் அதைப் பெரிதாக எழுதியும் வைத்திருந்தார். பெயிண்டர் எழுதும்போது சிரித்ததை அவர் கவனிக்கவில்லை.

வேலையில் கெட்டிக்காரர், அதை மறுப்பதற்கில்லை. கை சுத்தம். வாய்தான் கையைவிட நாலு முழம் நீளம். மூன்று ஃபேஸ் மோட்டார் எதற்காவது கனெக்‌ஷன் கொடுக்கும்போது பக்கத்தில் யாராவது, "நியூட்ரல் வேற, எர்த் வேற இல்லையா?" என்று கேட்டுவிட்டால் போதும். ஸ்குரு டிரைவரைக் காதிடுக்கில் செருகிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"ரெண்டும் டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட ஒரே இடத்துலதான் போய்ச் சேருது. ஒரே ஊருக்குப் போறதுக்கு எதுக்கு ரெண்டு பஸ்ஸு?"

கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார். ஃபியூஸ் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் கெடுதலாகப் போயிற்று. முழுப் பொய்யாக இருந்தால் யாராவது எப்போதோ மடக்கியிருப்பார்கள்.

இந்தப் பிரசங்கத்தை அவர் தன் தங்கச்சி வீட்டிலும் அமல்படுத்தியிருந்தார். வீடு என்றால் வீட்டின் பின்புறம் தகரக் கூரை போட்ட சலவைக்கூடம். தங்கச்சியும் அவள் புருஷனும் ஒரு ஆஸ்பத்திரிக்கும் இரண்டு ஹோட்டல்களுக்கும் விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் வெளுத்துக் கொடுத்துப் பிழைத்தார்கள். பதினோரு வருஷத்துக்கு முன் அதை ஆரம்பித்தபோது, புருஷன்காரர் படித்த எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிடலாம் என்றார். தங்கச்சி ஒரே போடாகப் போட்டாள். "எங்க அண்ணன் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" வெளியாள் வரவில்லை. அண்ணன் வந்தார். ஒரு மாவு மில் வேலையில் மிஞ்சிப்போன நாலு கம்பி கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தார்.

மூன்று கம்பி மூன்று ஃபேஸுக்குப் போயிற்று. நாலாவது நியூட்ரல். எர்த்துக்குக் கம்பி இல்லை. ஃபியூஸ் இதற்கெல்லாம் கலங்குகிற ஆளா? சலவை மெஷினின் டெர்மினல் பெட்டியைத் திறந்து, நியூட்ரலிலிருந்து மெஷினின் இரும்பு உடம்புக்கு ஒரு சாண் வயரில் இணைப்புப் போட்டார். இஸ்திரி மேஜைகளுக்கும் அதே கேபிளிலிருந்தே கரண்ட் எடுத்தார். மூடியை முறுக்கிவிட்டு, "இனி ஆயுசுக்கும் தொட வேண்டாம்" என்றார்.

அந்த மெஷினுக்குக் கிழடு தட்டிவிட்டது. மூடிப்போன ஒரு ஹோட்டலிலிருந்து அதைப்போல் இரண்டு மடங்கு பெரிய மெஷின் ஒன்றைத் தங்கச்சி மாப்பிள்ளை வாங்கிவிட்டார். ஆறு பேர் மூச்சுத்திணறி இறக்கி, நாலு நீளப் போல்ட் போட்டு ஈர சிமெண்ட் தரையோடு இறுக்கினார்கள். கூடவே ஒரு காகிதமும் வந்தது. லைனில் லீக்கேஜ் பிரேக்கர் கட்டாயம் இருக்க வேண்டும், கரண்ட் போன வழியே முழுசாகத் திரும்பாமல் வேறெங்காவது கசிந்தால் அது உடனே விழுந்துவிடும் என்று அதில் எழுதியிருந்தது. கீழே ஐந்து கம்பி வரைந்திருந்தது.

மெஷினில் ஐந்து. சுவரில் நாலு. ஃபியூஸ் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு நீலக் கம்பியையும் பச்சை மஞ்சள் கம்பியையும் சேர்த்து முறுக்கி, பிளக்கில் ஒரே முனையில் திணித்தார்.

மெயின் போர்டில் புது பிரேக்கரை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். 'டப்' என்று விழுந்தது. மறுபடி போட்டார். மறுபடி டப். இஸ்திரி மேஜையில் பெட்டி சுடச்சுட ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் சேர்ந்து அணைந்தது.

மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு மச்சானிடம் பிடிக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: மச்சான். ஆனால் பதினோரு வருஷமாக வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று ஃபியூஸுக்குத் தோன்றும்.

"என்ன மச்சான், நிக்க மாட்டேங்குது?"

"பிரேக்கர் டூப்ளிகேட் மாப்பிள்ளை. இப்பல்லாம் எல்லாம் தகரம். இருங்க."

அவர் பிரேக்கரைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். உள்ளே வரும் கம்பியையும் வெளியே போகும் கம்பியையும் நேருக்கு நேர் சேர்த்தார். ஸ்விட்சைப் போட்டார். புது மெஷின் ஒரு உறுமல் உறுமிச் சுற்ற ஆரம்பித்தது. ஃபியூஸ் திரும்பி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். யாராவது கைதட்டினால் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார்.

மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வாசலுக்குப் போனார். தங்கச்சி டீ எடுத்து வந்தாள். இஸ்திரி போடுகிற அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து புது மெஷினைச் சுற்றிப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக அங்கே வேலை செய்கிறவள். அவள் மிக இயல்பாகக் கேட்டாள்.

"இதுவும் கடிக்குமாண்ணே?"

"என்ன கடிக்குமா?"

"பழசு கடிக்குமே. நான் இஸ்திரி போட்டா கொஞ்சம் ஜாஸ்தியா கடிக்கும். அதான் கேட்டேன், பெருசா இருக்கே, கடியும் பெருசா இருக்குமோன்னு."

தங்கச்சி அக்காவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அக்கா அதைப் பார்க்கவில்லை. தொழில் ரகசியம் சொல்லும் பெருமையோடு தொடர்ந்தாள். காலையில் வந்ததும் முதலில் புறங்கையால் மெஷினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளங்கையால் தொட்டால் கை பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறிவிடலாம். கடித்தால் ரப்பர் செருப்பு. ரொம்பக் கடித்தால் அந்த மரப்பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பது. அதற்கும் மேல் கடித்தால் இஸ்திரியை நிறுத்திவிட்டு, மெஷினில் துணி போட்டு முடித்தபின் மறுபடி இஸ்திரி.

"யாரு சொல்லிக் குடுத்தா இதெல்லாம்?"

"யாரு சொல்லணும்? கடிதான் சொல்லிக் குடுத்துச்சு."

அந்த மரப்பலகையை ஃபியூஸுக்கு நன்றாகத் தெரியும். கால் நனையாமல் இருக்கப் போட்டிருக்கிறார்கள், என் தங்கச்சிக்கு இருக்கிற சுத்தபத்தம் யாருக்கு வரும் என்று போன வருஷம்தான் நாலு பேரிடம் பெருமை அடித்திருந்தார். அவரை மெஷின் கடித்ததே இல்லை. அவர் போட்டிருப்பது விரற்கடை தடிமனில் அடிப்பாகம் வைத்த வேலைச் செருப்பு. தங்கச்சியும் அக்காவும் போடுவது ஓட்டை விழுந்த ஹவாய் செருப்பு.

தங்கச்சியைக் கொடிகளுக்கு நடுவே கூட்டிப்போனார். இருபுறமும் ஈர விரிப்புகள் தொங்கின.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"பெருசா ஒண்ணுமில்லண்ணா. சும்மா சுள்ளுனு இருக்கும்."

"பதினோரு வருஷமாவா?"

அவள் ஒரு விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இல்லாத சுருக்கத்தை நீவினாள். "உன்கிட்ட சொன்னா நீ வந்து பிரிப்பே. பிரிச்சா அவருக்குத் தெரியும். நான்தானே உன்னைக் கூப்பிட்டேன். 'உங்க அண்ணன் லட்சணம் இதுதானா'ன்னு ஆயுசுக்கும் அந்தச் சிரிப்பைச் சிரிப்பாரு. அதைப் பார்க்கறதுக்கு மெஷின் கடிச்சா கடிச்சுட்டுப் போகுது."

அண்ணன் பெயருக்கு ஒரு சொல் வரக்கூடாது என்று கூடப்பிறந்தவள் தினமும் கரண்டில் கை வைத்திருக்கிறாள். ஃபியூஸுக்கு அழுகை வந்தது. அது போதாதென்று பயமும் வந்தது, ஏனென்றால் அந்தக் கடி எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

இருந்தாலும் மீட்டரை எடுத்து வந்து பார்த்தார். வாசலில், கரண்ட் மீட்டருக்கு அடியில் மண்ணுக்குள் இறங்குகிற எர்த் கம்பியிலிருந்து ஒரு நீள வயரை இழுத்து வந்து, ஒரு முனை அதில், மறு முனை பழைய மெஷினின் உடம்பில் வைத்தார். இஸ்திரி ஓடும்போது முப்பத்தெட்டு வோல்ட். நிறுத்தினால் மூன்று. மெயின் போர்டின் மூடியைத் திறந்தார். நியூட்ரல் ஸ்குரு கருகிக் கிடந்தது. மேலுறை உருகி ஒழுகியிருந்தது. டெஸ்டரின் நுனியால் லேசாகத் தட்டினார். கம்பி ஆடியது.

நியூட்ரல் தினமும் வேலைக்குப் போய்த் திரும்புகிற கம்பி. வந்த கரண்ட் வேலையை முடித்துக்கொண்டு அது வழியாகத்தான் திரும்ப வேண்டும். எர்த் அப்படியில்லை. அது ராத்திரிக் காவல்காரனைப்போல. வருஷக்கணக்காகச் சும்மா உட்கார்ந்திருக்கும். என்றைக்காவது கரண்ட் வழிதவறி இரும்பு உடம்பில் ஏறினால், ஒரு ஆளைத் தொடுவதற்கு முன் அதைப் பிடித்து மண்ணுக்குள் கொண்டுபோக வேண்டியது அதன் வேலை. ஃபியூஸ் சிக்கனம் பார்த்துக் காவல்காரனை வேலைக்கே எடுக்கவில்லை. போகிற வருகிற ஆளையே காவலும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவன் மெஷினின் உடம்பு வழியே ஈரத் தரைக்குள் கசிந்ததைக் கண்டுதான் புது பிரேக்கர் டப் டப்பென்று விழுந்தது. இப்போது அந்த ஆள் ஒரு கருகிய ஸ்குருவில் நூல் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தான். அவன் விழுந்தால், இஸ்திரிப்பெட்டிக்குள் போன கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அந்த ஒரு சாண் இணைப்பின் வழியே மெஷினின் உடம்பில் வந்து நிற்கும். முப்பத்தெட்டு இல்லை, முழுசாக இருநூற்று முப்பது.

மாப்பிள்ளை போனை முடித்துக்கொண்டு வந்தார். ஃபியூஸ் சட்டென்று மூடியைச் சாத்தினார். இதைத்தான் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் வேலை செய்த மனுஷர், ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, புது மெஷினுக்கு அஞ்சு கம்பி கேபிள் போடணும். சட்டம் மாறிடுச்சு. தனியா ஒரு எர்த் குழியும் தோண்டணும். ரெண்டு நாள் எல்லாத்தையும் நிறுத்திடுங்க."

"ரெண்டு நாளா? நாளைக்குக் காலையில முந்நூறு விரிப்பு போகணும். இப்பதான் அதட்டிட்டு வச்சான். நல்லாத்தானே ஓடுது?"

"இல்ல, எர்த் தனியா..."

"எதுக்கு மச்சான்? ரெண்டும் ஒரே இடத்துலதானே போய்ச் சேருது. ஒரே ஊருக்கு எதுக்கு ரெண்டு பஸ்ஸு?"

நுணலும் தன் வாயால் கெடும். பதினோரு வருஷமாக ஃபியூஸ் தானே ஓதி ஓதி மாப்பிள்ளைக்கு மனப்பாடம் ஆக்கிய பாடம் அது.

"அடுத்த மாசம் பார்த்துக்கலாம்ணா," என்றாள் தங்கச்சி. அவள் கண் அவரைக் கெஞ்சியது. பேசாமல் விடு, நான் சமாளித்துக்கொள்வேன் என்று கெஞ்சியது. "இவ்வளவு நாள் ஓடலையா? நான் பழசுலயும் ஒரு ஈடு போட்டு முடிச்சுடறேன்." ஈரத் துண்டுக் குவியலை அள்ளி இடுப்பில் ஏற்றிக்கொண்டு பழைய மெஷினை நோக்கி நடந்தாள். வெறுங்கால். புது மெஷின் வந்த பரபரப்பில் செருப்பை எங்கேயோ விட்டிருந்தாள்.

"தொடாதே."

அவர் போட்ட சத்தத்தில் அவளுக்குத் துண்டெல்லாம் தரையில் விழுந்தது.

"யாரும் எதையும் தொடாதீங்க. எல்லாரும் அந்தச் சுவர் ஓரமா போங்க. மாப்பிள்ளை, நீங்களும்தான்."

ஃபியூஸ் வேலையை ஆரம்பித்தார். புது மெஷினின் பிளக்கை உருவினார். ஒரே ஒரு இஸ்திரிப்பெட்டியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கினார். ஒரு ஹோல்டரில் பல்பை மாட்டி, அதன் ஒரு வயரை வாசலிலிருந்து இழுத்து வந்த எர்த்தில் சேர்த்தார். இன்னொரு வயரைப் பழைய மெஷினின் கதவுக் கைப்பிடியில் கவ்விவிட்டார். தங்கச்சி ஒரு நாளில் நாற்பது தடவை பிடிக்கிற கைப்பிடி. இஸ்திரிப்பெட்டியைப் போட்டார். அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. பல்பு எரியவில்லை.

"இப்போ எரியல. பார்த்துக்கோங்க," என்றார். மெயினை அணைத்தார். நியூட்ரலைக் கழற்ற ஸ்குரு டிரைவரை எடுத்தார். அதற்கு வேலையே வரவில்லை. விரலால் பிடித்து இழுத்ததும் கம்பி கையோடு வந்துவிட்டது.

அதை ஒரு கணம் வெறித்துப் பார்த்தார். பிறகு நுனியில் டேப் சுற்றி ஓரமாக மடக்கிவிட்டு மெயினைப் போட்டார்.

இஸ்திரிப்பெட்டியின் விளக்கு அணைந்தே இருந்தது. பல்பு பளிச்சென்று எரிந்தது. பழைய மெஷினை யாரும் போடவில்லை. அது சத்தமில்லாமல், கதவு திறந்தபடி, துணிக்காகக் காத்துக்கொண்டு நின்றது. அதன் கைப்பிடியில் ஒரு பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது.

"இந்தப் பல்பு இருக்கிற இடத்துலதான் நீ நிப்பே," என்றார் தங்கச்சியிடம். "இன்னைக்கோ நாளைக்கோ அந்தக் கம்பி தானா கழண்டிருக்கும். அப்போ புறங்கை, செருப்பு, பலகை எதுவும் உதவாது." பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "சட்டம் எதுவும் மாறல மாப்பிள்ளை. பதினோரு வருஷத்துக்கு முன்னாடியும் அஞ்சு கம்பிதான். நான் நாலு போட்டேன். ரெண்டும் ஒண்ணுதான்னு நான் சொன்னதெல்லாம் தப்பு. சேர வேண்டிய இடத்துல மட்டும்தான் ஒண்ணா சேரணும், இங்க வரைக்கும் தனித்தனியா வரணும். எனக்குத் தெரியும். கேபிள் மிஞ்சி இருந்துச்சு, அதான்."

சொல்லி முடித்துவிட்டு அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. மாப்பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது.

"நான் செத்திருப்பேனாண்ணா?" என்று கேட்டாள் தங்கச்சி.

"செத்திருப்பே."

அவள் கீழே கிடந்த ஒரு ஈரத் துண்டை எடுத்து அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அதே துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ரெண்டு நாள் நிறுத்திடலாம்," என்றார் மாப்பிள்ளை. "விரிப்பை வெளியில எங்கயாவது குடுத்து வெளுத்துக்கறேன்." பழைய மெஷினைக் கை காட்டினார். "எனக்கும் கடிக்கும் மச்சான். வாரத்துக்கு ரெண்டு தடவை வாங்குவேன்."

தங்கச்சி துண்டிலிருந்து முகத்தை எடுத்தாள். "உங்களுக்குமா? ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீங்க."

"எப்படிச் சொல்றது? உங்க அண்ணன் வேலையைப் பத்தி வாயைத் திறந்தா நீ ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுப்பே. அதுக்கு இதே தேவலைன்னு விட்டுட்டேன்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குடும்பத்தில் சண்டை வரக்கூடாது என்று இரண்டு பேரும் தனித்தனியாக, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், ஒரே மெஷினிடம் கடி வாங்கியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அசட்டுத்தனமாகச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் அழுகைக்கு நடுவே வந்தது. ஃபியூஸுக்குப் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிற்று. போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தார்.

"அண்ணே," என்றாள் இஸ்திரி அக்கா. அவளை எல்லோரும் மறந்திருந்தார்கள். சுவரோரம் நின்றுகொண்டு வலது கையின் புறங்கையை இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இவங்க உங்க மரியாதைக்காக கடி வாங்கினாங்க. அவரு இவங்க மூஞ்சிக்காக வாங்கினாரு. நான் எதுக்குண்ணே வாங்கினேன்?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். தங்கச்சியின் சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவுக்கு வீட்டில் இரண்டு பெண்கள். இந்த மெஷின் கடிக்கிறது என்று ஒன்பது வருஷத்தில் அவள் முதலாளியிடம் ஒருநாள் சொல்லியிருந்தால், கடிக்காத இடம் பார்த்துப் போயிக்கோ என்றுதான் பதில் வந்திருக்கும். அது அங்கிருந்த நாலு பேருக்கும் தெரியும்.

ஃபியூஸ் அவளிடம் போனார். வாழ்க்கையில் யார் முன்னாலும் அப்படி நின்றதில்லை. இரண்டு கையையும் கூப்பினார்.

"மன்னிச்சுக்கோம்மா. நான் பண்ணது பெரிய..."

"மன்னிப்பெல்லாம் அப்புறம் இருக்கட்டும்," என்றாள் அக்கா. "முதல்ல போய் மெயினை அணைங்க. பல்பு இன்னும் எரியுது."

ஃபியூஸ் ஓடினார்.